மைனாவுக்குச் சிறந்த பயிற்றுநர் விருது

பருந்திடமிருந்து குஞ்சுகளைக் காக்கும் முறையைக் கற்பதற்காக, வனப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்க மையத்துக்குச் செங்கோழி தன் குஞ்சுகளோடு வந்திருந்தது. அங்கே பயிற்றுநர் மைனாவுக்கு விருது வழங்கும் விழா நடந்துகொண்டிருந்தது.

“பயிற்சி எப்போது, தம்பி?” என்று கோழி கேட்டது.

“விழா முடியட்டும், அக்கா. சிறப்பு விருந்தினர் வந்ததும் சிறகைப் பலமாகத் தட்டுங்கள்,” என்றது மைனா.

பொன்னாடையோடு வந்திறங்கிய சிறப்பு விருந்தினர், பருந்து. பறவைகள் எல்லாம் சிறகு தட்டி வரவேற்றன. குஞ்சுகள் ஓடிவந்து கோழியின் சிறகடியில் புகுந்துகொண்டன. தட்டினால் குஞ்சுகள் வெளியே தெரியும். தட்டாவிட்டால் மரியாதைக் குறைவு. ஒன்றும் விளங்காமல், கோழி குஞ்சுகளை அணைத்துச் சிறகை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

மைனா உடனே ஒலிபெருக்கியைப் பிடித்து, கோழியைக் காட்டியது. “எங்கள் பயிற்சியின் பலனைப் பாருங்கள், ஐயா.”

பருந்து குனிந்து வெகுநேரம் பார்த்துப் பாராட்டியது. இதைத் தனக்கு எப்போது கற்றுக்கொடுத்தார்கள் என்று குழம்பியவாறே, கோழி சிறகை இன்னும் இறுக்கியது.