பேஸுக்கு ஒரு வா பெடல்

கள்ளக்குறிச்சி இசைக்கருவிக் கடையின் கண்ணாடியில் மத்தியான வெயில் பட்டுக் கண் கூசுகிறது. பாவாடை பேஸ் கிடாரை மடியில் வைத்து, கிடாரின் ஒலியை மாற்றும் வா பெடலைக் காலால் மெல்ல அழுத்துகிறான். தந்தி வாய் திறந்து மூடுவதுபோல் ஒலிக்கிறது. முதலில் பார்த்த பெடலில் பேஸின் கனத்த அடிநாதம் மெலிந்துபோனது. இதில் நெஞ்சுக்குள் அதிர்கிறது. “இதுதான் கண்ணாயிரம், நம்ம குழுவுக்கு.” இருவரும் சேர்ந்து தொடங்கிய மெல்லிசைக் குழு; அதில் இதுவரை பேஸ் வாசிப்பது பாவாடைதான். கண்ணாயிரம் போனில் தன் தம்பியிடம் பேசிக்கொண்டிருக்கிறான்: “தம்பி, உனக்குப் பெடல் பாத்தாச்சு. ஞாயித்துக்கெழம திருக்கோவிலூர் கச்சேரிக்கு நீதான் பேஸு.” பாவாடையின் விரல் தந்தியிலேயே நின்றுவிடுகிறது. “அப்ப நானு இன்னா பண்றது?” கண்ணாயிரம் தெருவில் போகும் பஸ்ஸைப் பார்க்கிறான். “உன் காது நல்ல காதுடா. அதான் இட்டாந்தேன்.” கடைக்காரர் தயங்குகிறார். “இதையே கட்டிடவாங்க?” கண்ணாயிரம் பதில் சொல்லுமுன் பாவாடை சொல்கிறான்: “கட்டுங்க. நல்ல பெடலு.”