துரை கட்டிய இரண்டு வீடுகள்

“துரைக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்லன்னு அந்தம்மாட்ட சொல்லுங்க தம்பி” என்றாள் ஜுமானா.

வழிகாட்டியாக வந்த பிரபாகரன் அதை இங்கிலீஷில் சொன்னான். ஸ்காட்லாந்திலிருந்து வந்திருந்த எல்ஸ்பெத் தலையாட்டிக் குறித்துக்கொண்டாள். அறுபது வயதிருக்கும். துரையின் கொள்ளுப்பேத்தியாம்.

ஜுமானா சொன்னது முழுப் பொய். வாலிநோக்கத்தில் உப்பு வியாபாரம் பார்த்த வெள்ளைக்காரத் துரை, கீழக்கரைப் பெண்ணை நிக்காஹ் முடித்து இந்தப் பங்களாவைக் கட்டினார். கப்பலேறும்போது மூத்த மகளுக்கு வாய்வார்த்தையாகக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து வீடு தாயிடமிருந்து மகளுக்கு வருகிறது. கீழக்கரையில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். அடுத்த மாதம் ஜுமானாவின் மகள் ஜுனைதாவுக்குக் கல்யாணம். துரை கொடுத்ததற்கோ பத்திரம் கிடையாது. இந்த நேரம் பார்த்து வெள்ளைக்காரி வந்து நின்றால், வீட்டைக் கேட்கத்தானே வந்திருப்பாள்?

எல்ஸ்பெத் செல்போனில் ஒரு படம் காட்டினாள். நாலு புகைக்கூண்டு வைத்த கல் மாளிகை. துரை ஊர் திரும்பி, உப்புக் காசில் கட்டியது. அங்கே கட்டிய மனைவியின் மகன், பேரன் என்று கைமாறி, தோட்டமெல்லாம் வரிக்கு விற்றுப்போய், மிச்சம் இவளிடம் வந்திருக்கிறது. மழை பெய்தால் ஒழுகலுக்குப் பதினோரு வாளி வைக்கிறாளாம். ஜுமானாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது.

ஆனால் ஊரில் எல்லோரும் வேறு மாதிரி சொல்கிறார்களே என்று எல்ஸ்பெத் மெல்லக் கேட்டாள்.

“ஊர் வாயை மூட உலைமூடி இருக்கா? எங்க ஆளுக இன்னொரு வியாபாரிகிட்ட வாங்குன வீடு இது” என்று ஜுமானா அடித்துச் சொன்னாள்.

எல்ஸ்பெத் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். இவ்வீட்டார் துரையின் வாரிசுகள் அல்லர் என்று இரண்டு மொழியிலும் அச்சடித்திருந்தது. பெற்றவளின் வழியையே இல்லையென்று எழுதிக்கொடுப்பதா? ஜுமானா மகளை நினைத்தாள். அல்லாஹ் மன்னிப்பான் என்று முணுமுணுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

அவ்வளவுதான், எல்ஸ்பெத் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகையினூடே என்னென்னவோ சொன்னாள். ஜுமானா பிரபாகரனைப் பார்த்தாள்.

“என்ன தம்பி சொல்றாக?”

“மன்னிச்சுக்கிருங்கன்னு சொல்றாகக்கா. இந்த வீட்டைக் கேட்டு அவுக வரலையாம். துரைக்கு உங்க ஊர் வழக்கம் ரொம்பப் பிடிச்சுப்போயி, அந்த மாளிகையையும் இங்க இருந்த மூத்த மக வம்சத்துக்கே உயில் எழுதிட்டாராம். போன வருசந்தான் அந்த உயில் அவுக கைக்குக் கிடைச்சிருக்கு. நீங்க வந்து கேட்டுருவீகளோன்னு பயந்துக்கிட்டே வந்தாகளாம். நீங்கதான் வாரிசு இல்லன்னு கையெழுத்துப் போட்டுட்டீகளே, இனி அவுக மகளுக்கு அந்த வீட்டை நிம்மதியாக் குடுப்பாகளாம்.”