குழாய்க்குள் கேட்ட சத்தம்

சுரங்கத்தின் கழிவுநீர்க் குட்டை பக்கத்து ஊரின் நிலத்தடி நீரைக் கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. வண்டி ஓட்டுவது அவள் கணவன். அன்று, நீரைச் சோதிக்கக் குட்டையோரம் போட்டிருந்த, மணிக்கட்டுப் பருமனுள்ள ஆழ்துளைக் குழாயில் கயிறு கட்டிய பாட்டிலை இறக்கினாள். காலியாக மேலே வந்தது. மறுபடியும் காலி.

“உள்ள யாரோ குடிச்சிட்டு அனுப்புறாங்கபோல,” என்று கணவன் சிரித்தான்.

இன்னொரு முறை இறக்கியபோது கீழிருந்து யாரோ கயிற்றைச் சுண்டி இழுத்தார்கள். அவள் விடவில்லை. குழாயருகே குனிந்து, “ஊரே குடிக்கிற தண்ணிங்க. சோதிக்காம நான் போகமாட்டேன்,” என்றாள். பாட்டில் தளும்பத் தளும்ப வந்தது.

வண்டியிலேயே சோதித்தாள். அமிலம் எக்கச்சக்கம். குட்டையின் அடியில் கசிவு. அவள் போட்ட சத்தத்தில் சுரங்கமே வேலையை நிறுத்திக் கசிவை அடைத்தது. நல்லவேளை, கெட்ட நீர் ஊர்க் கிணறுகள்வரை போகவில்லை.

சில வாரங்களில் அதே குழாயில் நல்ல தண்ணீர் வந்தது. “சரியாயிடுச்சுங்க!” என்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.

ஆழத்திலிருந்து கைதட்டல் கேட்டது. ஒருவர் இருவர் அல்ல, ஒரு கூட்டமே தட்டியது.

கணவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தான். “இருக்கட்டும், இருக்கட்டும்,” என்றான் கூச்சத்தோடு.