மூன்று பக்கமும் கண்ணாடி

"கண்ணாடி வேண்டாம்மா. செங்கல் சுவரே வெச்சிடுங்க."

ஆர்க்கிடெக்டுக்குச் சுருக்கென்றது. இரண்டு மாத உழைப்பு. செங்குத்தான சரிவில், கீழே நகரம் முழுக்கத் தெரிகிற மாதிரி, ஹாலுக்கு மூன்று பக்கமும் கண்ணாடி. இதுவரை அவள் வரைந்ததிலேயே இதுதான் உருப்படியான வீடு.

"சார், மலைச்சரிவுல வீடு கட்டுறதே அந்த வியூவுக்குத்தானே?"

"எனக்கு உயரம்னா பயம்மா. கீழ பார்த்தா தலை சுத்தும்." அவர் கூச்சமே இல்லாமல் சிரித்தார். "ஜன்னலை எல்லாம் மலைப்பக்கம் திருப்பிடுங்க."

அவள் அவருடைய மனைவியைப் பார்த்தாள். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. ஒரு அதட்டல் போட்டால் பள்ளிக்கூடமே கப்சிப் என்று அடங்குமாம். மனை அந்த அம்மாவின் அப்பா கொடுத்தது; விற்க மனசு வரவில்லை.

"மேடம், நீங்களாவது சொல்லுங்க."

"நான் என்னத்தைச் சொல்ல? அவர் சுபாவம் அப்படி." சொல்லிக்கொண்டே, மேஜை மேல் மாடலாகச் செய்து வைத்திருந்த அட்டை வீட்டை அந்த அம்மா திருப்பி வைத்தார். சரிவு சுவர்ப் பக்கம் போய்விட்டது.

இவ்வளவு கம்பீரமான அம்மாவுக்கு இப்படி ஒரு பயந்தாங்கொள்ளி புருஷன்! மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டாள் ஆர்க்கிடெக்ட். ஆனாலும் விடுவதாக இல்லை. மனையிலேயே நிறுத்திக் காட்டினால் மனுஷன் மனசு மாறாமலா போகும்?

அஸ்திவாரத்துக்கு நூல் பிடிக்கும் அன்று இருவரையும் வரச் சொன்னாள்.

"வெயில் எனக்கு ஆகாது. நீங்க போய்ப் பாருங்க." தலைமை ஆசிரியை மேல் ரோட்டில் காரிலேயே இருந்துகொண்டார்.

மேஸ்திரி இழுத்த இழுப்பில் நூல் அறுந்தது. மறுமுனை முளை இருந்தது பழைய தடுப்புச் சுவரின் கோடியில். சுவரின் அகலம் ஒரு சாண். அந்தப் பக்கம் மூன்று மாடி ஆழத்தில் கீழ் ரோடு.

"இடுப்புல கயிறு கட்டாம அங்க போக முடியாதுங்க," என்று மேஸ்திரி கயிறு தேடப் போனார்.

திரும்பிப் பார்த்தால், பயந்தாங்கொள்ளி செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவர் மேல் நடந்துகொண்டிருந்தார். கோடியில் குந்தி உட்கார்ந்து, நூலை முடிச்சுப் போட்டுக் கட்டி, கையைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

"சார்! உங்களுக்கு உயரம்னா பயம்னு..."

"உஷ்! மெதுவா." அவர் கண்ணால் காரைக் காட்டினார்.

காருக்குள் தலைமை ஆசிரியை கண்களை இறுக மூடி, முன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருஷம் கரன்ட் டவர்ல ஏறி வயர் இழுத்தவன்மா நான். ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் தைரியம் சொல்லிக் கொடுத்தவ அவ. அவளுக்குப் பயம்னு நாலு பேருக்குத் தெரியணுமா? அது என் பேர்லயே இருந்துட்டுப் போகட்டும்."

ஆர்க்கிடெக்ட் கையில் இருந்த வரைபடத்தை ஒருமுறை பார்த்தாள். மனசு வலித்தது. பிறகு அதைச் சுருட்டிக்கொண்டு, காருக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்:

"மேடம், சார் ரொம்பத்தான் பயப்படுறாரு! செங்கல் சுவரே வெச்சிடலாம்!"