சிவப்பு ரிப்பன் கட்டிய பெட்டி

"ஆள் குண்டா இருப்பா மேடம். பாத்தாலே தெரிஞ்சிடும்" என்றார் கண்ணாடிக்கு வெளியே நின்றவர்.

மனைவியைக் காணவில்லை. ரயில் கிளம்பப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.

நான் ஸ்டேஷனில் அறிவிப்பு சொல்பவள். குரலை மட்டும் கேட்டவர்கள் என்னை ஒல்லி என்று நினைத்துக்கொள்வார்கள். விசாரிக்க வந்து கண்ணாடி வழியாகப் பார்த்ததும் ஒரு முழி முழிப்பார்கள் பாருங்கள், இருபது வருடமாக அந்த முழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கூட வேலை செய்கிறவர்களுக்கு நான் 'அண்டா'. செல்லமாகத்தானாம். அந்தச் செல்லமே வேண்டாம் என்றுதான் மதியச் சாப்பாட்டை இந்தக் கூண்டுக்குள் தனியாகச் சாப்பிடுகிறேன்.

அதனால் அவர் 'குண்டா' என்றது காதில் விழுந்ததும் சுருக்கென்றது.

படிவத்தை எடுத்தேன். பெயர் கேட்டேன். அதற்கே ஒரு நொடி திணறினார். வீட்டில் 'குண்டு' என்றுதான் கூப்பிடுவாராம்.

உயரம்? தெரியவில்லை. புடவை நிறம்? பச்சையாக இருக்கலாம், இல்லாவிட்டால் நீலம். மச்சம், தழும்பு? உதட்டைப் பிதுக்கினார்.

"குண்டுன்னு போடுங்க, போதும். இந்தக் கூட்டத்துல அவ எங்க போய் ஒளியறது?"

சிரிக்கப் பார்த்தார். ஆனால் கண் கடிகாரத்துக்கே போய்ப் போய் வந்தது. பாவம், நிஜமாகவே பயந்துபோயிருந்தார். அதனால்தான் வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

கையில் ஏதாவது வைத்திருந்தார்களா என்று கேட்டேன்.

அதற்கு மட்டும் மடமடவென்று வந்தது பதில். நீலப் பெட்டி. நான்கு சக்கரம், அதில் ஒன்று உடைந்தது. மூடியின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். கைப்பிடியில் சிவப்பு ரிப்பன், இரட்டை முடிச்சு. அவரே கட்டியது.

எழுதிக்கொண்டு மைக்கைப் போட்டேன். 'குண்டு' என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. 'பருமனான உடல்வாகு கொண்ட' என்றேன். பெரிய வித்தியாசம்தான், போங்கள்.

அவர் அக்கம்பக்கம் பார்க்காமல் நடைமேடையின் கோடிக்கு ஓடினார்.

நானும் கண்ணாடி வழியே தேடினேன். தூணருகே ஒருத்தி, பெட்டி இல்லை. தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி, கையில் குழந்தை. இரண்டு பேருமே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முகத்தைத் திருப்பினார்கள். என் அறிவிப்பைக் கேட்ட அத்தனை பேரும் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் குற்றவாளி மாதிரி இருந்தது. இருந்தாலும் இன்னொரு தடவை அதையே சொன்னேன். வேறு என்ன சொல்வது?

நான்கு நிமிடம் பாக்கி இருக்கும்போது சிவப்பு ரிப்பன் கண்ணில் பட்டது.

என் கூண்டை ஒட்டிய பெஞ்சில்தான். அவர் நின்ற இடத்துக்கு நேர் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரம். நீலப் பெட்டி, இரட்டை முடிச்சு. பெட்டிமேல் கை வைத்தபடி ஒரு பெண். ஊதினால் பறந்துவிடுவாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ஜாக்கெட்டை இரண்டு பக்கமும் ஊக்கு குத்திப் பிடித்திருந்தாள்.

என் கண் எத்தனை தடவை அவளைத் தாண்டிப் போயிருக்கும்! அண்டா என்று பேர் வாங்கிய எனக்கே இந்த லட்சணம்.

கண்ணாடியைத் தட்டினேன். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"ஏம்மா, இங்கயே உக்காந்துக்கிட்டு, அவர ஒரு குரல் கூப்பிட்டிருக்கக் கூடாதா? வண்டி போயிடும்!"

"சக்கர வியாதி வந்து எளச்சு மூணு வருஷமாச்சுக்கா" என்றாள், கேட்டதற்குச் சம்பந்தமே இல்லாமல். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "கூப்பிடத்தான் எந்திரிச்சேன். பெட்டிய ஒண்ணு விடாம சொன்னாரா... சரி, இனிமே என்னையும் சரியா சொல்லுவாருன்னு அப்படியே உக்காந்துட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்காதீர்கள்.

படிவத்தைத் தள்ளிவிட்டு மைக்கைப் போட்டேன்.

"பயணிகளின் கவனத்திற்கு. கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டிய நீல நிறப் பெட்டி ஒன்று கிடைத்துள்ளது. உரியவர் உடனே விசாரணை அறைக்கு வரவும்."

அவள் கண்ணாடியில் விரலை வைத்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி வந்தார். பெட்டியைப் பார்த்ததும் பாய்ந்து கைப்பிடியைப் பிடித்தார். ரிப்பனைத் தொட்டுப் பார்த்தார். அதே பதற்றத்தோடு நிமிர்ந்து, எதிரே நின்ற அந்த மெலிந்த முதுகைத் தாண்டி என்னைக் கேட்டார்.

"அவ எங்க மேடம்?"