முதல் வரிசைக் கண்ணீர்

1974. ராயபுரம் மாதா கோயில் ஹாலில் அந்த ராக் குழுவின் கடைசிக் கச்சேரி. ஆரம்ப நாளிலிருந்து ஒரு கச்சேரியும் விடாத அருள்நாதன் முதல் வரிசையில் தேம்பிக்கொண்டிருந்தார்.

“கொஞ்சமா அழுவு. அல்லாரும் பாக்குறாங்க,” என்றாள் மனைவி பிலோமி.

“இன்னா பண்றது? தானா வந்துகினே கீது.”

டிரம்ஸ் வாசிக்கும் வால்டர் மைக்கைப் பிடித்தார். “அருள்நாதன் அழுவுறத பாத்தப்புறம் எங்களுக்குப் பிரிய மனசு வரல. நாளைக்குக் காலைல வழக்கம்போல பிராக்டிஸ்.”

அருள்நாதனின் அழுகை சட்டென்று நின்றது.

“சந்தோச அழுகைய வூட்ல வந்து அழுதிருக்கக் கூடாதா?” என்றாள் பிலோமி. “ஹார்பர்ல நைட் டூட்டி பாத்துட்டு வந்து இனிமே எங்க தூங்குவ? மாடியில அந்தாளு டிரம்ஸ தட்டிகினே இருப்பாரு.”

மேடையிலிருந்து வீட்டுச் சொந்தக்காரர் வால்டர் பார்த்துக்கொண்டிருந்ததால், எப்போதும்போல எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று கை தட்டினார் அருள்நாதன்.