புதுக் குரல்

கழிவறைக் குழாயில் கெஸியா மூன்றாவது தடவையாகக் கை கழுவினாள். சோப்பை மணிக்கட்டு தாண்டி முழங்கை வரைக்கும் ஏற்றித் தேய்த்தாள்.

பக்கத்துக் கண்ணாடியில் உதட்டுச் சாயம் சரிசெய்துகொண்டிருந்த ஓர் அம்மாள், முதல் தடவை ஜனங்களுக்கு முன்னால் படம் காட்டினால் இப்படித்தான் படபடப்பாக இருக்கும் என்று ஆறுதல் சொன்னாள். கெஸியா தலையை ஆட்டிவிட்டு ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

ஒளிப்பதிவாளன் டெல்ராய் சுவரில் சாய்ந்து காத்திருந்தான். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோ கெஸ். அந்தப் படவிழாத் தலைவன் கையைப் பிடிச்சா பிடிச்சுட்டுப் போறான்."

"மீன் மாதிரி ஈரமா இருக்குடா அவன் கை. விடவே மாட்டேங்கறான்."

டெட்ராய்ட்டின் அந்தப் பழைய தியேட்டரில் அரைமணி முன்புதான் படம் முடிந்திருந்தது. கிராஷிட் சாலையில் இருபத்தொன்பது வருடம் பஸ் ஓட்டிய ஒரு பெண்மணி, ஓய்வு பெறும் கடைசி வாரத்தில் தன் பயணிகளிடம் ஒவ்வொருவராக விடைபெறுகிற கதை. கெஸியா கல்யாணத்துக்கும் சவ அடக்கத்துக்கும் வீடியோ எடுத்துச் சேர்த்த காசில் உருவான படம். நடித்தது மிஸ் ஆர்லீட்டா. நிஜமாகவே பஸ் ஓட்டியவர், அதற்கு முன் கேமரா பக்கமே வராதவர். சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, படப்பிடிப்பு நடந்த எல்லா ஞாயிறும் எல்லோருக்கும் மீன் வறுத்துக் கொண்டுவந்தார்.

கடைசி இரண்டு வரிசையில் டிரைவர்கள், வேலை முடிந்து சீருடையோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். திரையில் மிஸ் ஆர்லீட்டாவின் முகம் தெரிந்ததும் ஒருவர் பின் ஒருவராகத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். படம் முடிந்ததும் தியேட்டரே எழுந்து நின்று கை தட்டியது.

இப்போது வரவேற்பறையில் விருந்து. ஒரு கரண்டி சோளக்கஞ்சி, அதன் மேல் ஒற்றை இறால். கெஸியாவின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வயிறு முட்டச் சாப்பிடுகிற பண்டத்தை இங்கே பொம்மைக் கிண்ணத்தில் வைத்து நீட்டினார்கள். அவள் ஒரு வாய் வைத்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

விழாத் தலைவர் மர்டாக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வந்ததும் அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்கும் நடுவே வைத்துக்கொண்டார். சந்தையில் வாங்கிய குதிரையைக் காட்டுவதுபோல அவளைப் பணக்காரர்கள் ஆறு பேருக்குக் காட்டினார். அத்தனை பேரிடமும் ஒரே வாக்கியம்தான்: புதுக் குரல், இந்த வருடம் நாங்கள் கண்டெடுத்தது.

கெஸியாவுக்கு முப்பத்தெட்டு வயது. ஆறு தடவையும் அவர் அவளை 'இந்தச் சின்னப் பொண்ணு' என்றுதான் சொன்னார்.

பிறகு அவளை ஜன்னலோரமாக அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார். அவள் எடுத்த வாசனைத் தைல விளம்பரத்தை ஊரே பார்க்கிறது, பத்திரிகைகள் அவள் பேரைப் போடுகின்றன, அதைப் பார்த்துத்தான் படம் கேட்டு எழுதினேன் என்றார். இருபது வருடமாக இந்த விழாவுக்கு வருகிற படங்களை ஒன்று விடாமல் தானே உட்கார்ந்து பார்ப்பதாகவும், இப்படி ஒன்று கண்ணில் பட்டதே இல்லை என்றும் சொன்னார். சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையாலேயே மறுபடி அவள் கையைப் பிடித்தார்.

"எனக்கு எது ரொம்பப் பிடிச்சுது தெரியுமா? அந்தக் காலத்தை அப்படியே கொண்டுவந்திருக்க. பட்டன் போன், பழைய சாயம் அடிச்ச பஸ்ஸு, அப்பவே மூடிப்போன கடைங்க. எல்லாத்தையும் எங்க தேடிப் பிடிச்ச?"

"தேடல. அங்கேயே இருந்துச்சு."

அவர் ரசித்துச் சிரித்தார். வாயிலிருந்து பாலாடைக்கட்டி வாசனை வந்தது. கெஸியா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாளை நிறைவு விழாவில் புதுமுக இயக்குநர் விருது அவளுக்குத்தான், இப்போதைக்கு யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றார். விருது கிடைத்துவிட்டால் நாற்பது ஊர்களில் திரையிட ஒரு கம்பெனி தயாராக இருக்கிறது என்றார். இத்தனை வருடம் அவளும் டெல்ராயும் ஏங்கிய ஏக்கம் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

சற்றுத் தள்ளி நின்ற டெல்ராய் அவள் முகத்தைப் பார்த்தான். வேண்டாம் என்பதுபோல மெதுவாகத் தலையசைத்தான்.

மர்டாக்கின் முகம் புது யோசனை ஒன்றால் மலர்ந்தது. விருதைத் தான் கொடுக்கப்போவதில்லை, மிஸ் ஆர்லீட்டாவே மேடையேறி அவள் கையில் கொடுக்கட்டும், ஜனம் உருகிவிடும், நிருபர்கள் நல்ல படமாக எடுத்துக்கொள்வார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

"அந்தம்மா வீடு எங்கேன்னு சொல்லு. காலையிலயே கார் அனுப்பிடறேன். இன்னிக்கு ஏன் கூட்டிட்டு வரல?"

கெஸியா தன் கையை அவர் கைகளுக்கு நடுவிலிருந்து உருவி எடுத்தாள். பாவாடையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அவள் குரல் உயரவில்லை.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி இதே படத்தை வேண்டாம்னு நீங்க எழுதுனப்ப, உயிரோட இருந்தாங்க."